மறுமொழி: களையை அடக்கும் கோதுமை, களையைத் தாங்கும் கோதுமை - சொல் வேண்டும்

ஒரு பாடத்துக்காக இந்த இரண்டு பண்புக்கும் தமிழ்ச்சொல் கேட்ட இழையில் வந்த மடல்களுக்கு என் பதில்கள்:

> இரண்டுக்கும் 'களைப்போட்டித்திறன்' என்று போட்டுவிடலாமே. நாளை பாடம் அச்சுக்குப் போக வேண்டும்.

ஐயா, அவசரம் புரிகிறது. ஆனால் அந்தப் பாடத்தின் உயிரே இந்த வேறுபாடுதான். ஒரு ரகம் சீக்கிரம் தூர் கட்டி, இலை விரித்து, களைமேல் வெயில் விழாமல் மறைக்கிறது. களை மெலிகிறது, அது உதிர்க்கும் விதையும் குறைகிறது. இன்னொரு ரகம் களைக்கு நடுவே நின்றும் விளைச்சலை அதிகம் இழப்பதில்லை. ஆனால் காட்டு ஓட்ஸ் போன்ற களை அதன் பக்கத்திலேயே தழைத்து விதை கொட்டிவிடும். இந்த ஆண்டு மகசூல் ஒன்றாக இருக்கலாம், அடுத்த விதைப்பில் இரண்டு வயலும் ஒன்றாகவா இருக்கும்? ஒரே சொல்லைக் கொடுத்தால் மாணவர் இதை எதை வைத்துப் பிடிப்பார்? 'களையடக்குதிறன்', 'களைதாங்குதிறன்' என்பவை என் முன்மொழிவு.

> களை எடுத்தபின் என்பதை வள்ளுவர் 'கட்டபின்' (குறள் 1038) என்கிறார். 'களைகட்டுதிறன்' என்போம். கள், களவு, களை: ஊட்டத்தைத் திருடுவதால் களை.

அம்மா, குறள் 550-இலும் 'களைகட்டதனொடு' வருகிறது. அருமையான வினை, கைக்களை எடுப்பதற்கு அது மீண்டும் வழங்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் கட்டல் என்பது மனிதர் பிடுங்குவது. கோதுமை பிடுங்குவதில்லை, நிழலிடுகிறது. மேலும் 'வயல் களைகட்டியது' என்றால் இன்று எல்லோரும் திருவிழாவைத்தான் நினைப்பார்கள். களவிலிருந்து களை என்பதற்கு ஒலி ஒப்புமை போதாது; களையப்படுவது களை என்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

> 'ரகம்' தமிழல்ல. 'வகை' என்று மாற்றுங்கள்.

'கோதுமை'யே வடமொழி 'கோதூம'த்திலிருந்து வந்ததுதானே? ரொட்டிக் கோதுமை, துரும் கோதுமை என்ற பிரிவுக்கு 'வகை' தேவைப்படுகிறது. பயிரிடுபவர் வாயில் 'குட்டை ரகம்', 'நெட்டை ரகம்' என்றுதான் இருக்கிறது. நெட்டையின் நிழல் களையை அமுக்கும், ஆனால் பயிர் சாயும். குட்டை சாயாது, நிழல் குறைவு. இதைச் சொல்லும் இடத்தில் 'ரகம்' இருக்கட்டும்.

> 'அடக்கு' வேண்டாம், 'ஒடுக்கு'. நிழலில் களை அடங்குவதில்லை, ஒடுங்குகிறது.

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நிழலில் வெளிறி நூலாய் நிற்கும் களைக்கு 'ஒடுங்கல்' அப்படியே பொருந்துகிறது. ஆனால் மூவர் 'அடக்கு' என்று எழுதிவிட்டார்கள், வேறு மடல் வரவில்லை. நாளை 'களையடக்குதிறன்' என்றே போகட்டும். அடுத்த பதிப்புக்கு முன் 'ஒடுக்கு' பற்றி நானே இழை தொடங்குகிறேன்.