பாலக்கோடு நிலத்தடி நீரோட்டக் கணினி மாதிரி: கட்டங்கள் உலர்ந்ததும் தீர்வு குவியவில்லை

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு அருகே ஒரு சிற்றோடைப் படுகைக்கு மோட்ஃப்ளோ 6 என்ற கணினி நிரலில் நான் அமைத்த நிலத்தடி நீரோட்ட மாதிரி, மூன்று வாரங்களாகக் கோடைக்கான காலப்படியில் (கணக்கீட்டின் கால இடைவெளியில்) தீர்வு குவியாமல், அதாவது அடுத்தடுத்த கணக்கீடுகள் ஒரே விடையை நெருங்காமல், நின்றுவிடுகிறது. மேலடுக்கு சிதைந்த நைஸ் பாறை, கீழடுக்கு விரிசல் பாறை, கணக்கீட்டுக்காகப் படுகையைப் பிரித்த கட்டங்களின் அளவு 50 மீட்டர். பாறை நீரை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதைக் காட்டும் நீர் கடத்துதிறன் அடுத்தடுத்த கட்டங்களிலேயே ஆயிரம் மடங்கு மாறுகிறது. ஒரு கிணறு ஊறும்போது பக்கத்து வயலின் ஆழ்துளைக் கிணறு புழுதி கக்கும் ஊரில் இதை மிகை என்று நான் நினைக்கவில்லை. காலத்தால் எதுவும் மாறாத நிலைத்த நிலையில் தீர்வு கிடைக்கிறது. மேட்டுப்புற மேலடுக்குக் கட்டங்கள் உலர்ந்ததும் பிழை பெருகுகிறது. முதலில் அடுத்தடுத்த கட்டங்களின் கடத்துதிறனைச் சராசரியாக்க இசைச் சராசரிக்குப் பதிலாக மடக்கைச் சராசரியை வைத்தேன், பின்னர் உலரும் கட்டங்களைக் கையாள உதவும் நியூட்டன் தீர்வு முறைக்கு மாறினேன், காலப்படியையும் ஒரு நாளாகக் குறைத்தேன், பயனில்லை. கடத்துதிறன் வேறுபாட்டைச் செயற்கையாக மழுப்பாமல், இரண்டு அடுக்குகளையும் ஒன்றாக இணைப்பது இத்தகைய கடினப் பாறைப் பகுதிக்குச் சரியான வழியா?