‘நான் தாழ்ச்சியடையேன்’: இந்த வார்த்தையை இனியும் இப்படியே விட்டுவைக்கலாமா?

சண்டே ஸ்கூல் டீச்சர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு விஷயம் இரண்டு வாரமாக மனதை அரிக்கிறது. 23ஆம் சங்கீதம் நம் வேதாகமத்தில் இப்படித் தொடங்குகிறது: ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.’ என் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லிவிட்டார்கள். ‘தாழ்ச்சியடையேன்னா என்ன?’ என்று கேட்டேன். ‘யார்கிட்டயும் தோத்துப் போக மாட்டேன்’ என்றான் ஒரு பையன். ‘யாரும் என்னைக் கேவலமா நினைக்க முடியாது’ என்றாள் ஒரு பெண். ஒரு பிள்ளைகூட ‘எனக்கு எதுவும் இல்லாமல் போகாது’ என்று சொல்லவில்லை. பிள்ளைகள் மேல் தப்பில்லை. இன்றைய தமிழில் அந்தச் சொல்லுக்கு அவர்கள் சொன்னதுதான் பொருள். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’ என்று தெளிவாக இருக்கிறதே, நாமும் அதையே படிக்கலாமே?

பாளை தாத்தா:
டீச்சரம்மா, பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் சொல்லிக்கொடுப்பதுதான் நம் வேலை. வசனத்தை மாற்றுவது இல்லை. எங்கள் ஆச்சி ‘சோத்துக்குத் தாழ்ச்சி இல்ல’ என்பாள். அந்தப் பொருளில்தான் 1871இல் நம் வேதாகமத்தை மொழிபெயர்த்த பவர் ஐயரின் குழு அந்தச் சொல்லைப் போட்டது. வேதத்திலேயே சாட்சி இருக்கிறது. 34ஆம் சங்கீதம் 10ஆம் வசனம்: ‘சிங்கக்குட்டிகள் தாழ்ச்சியடைந்து பட்டினியாயிருக்கும்.’ பட்டினியோடு சேர்ந்து வருகிறதே, அங்கே தாழ்ச்சி என்றால் இல்லாமை என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்குமே. என் தகப்பனார் சாகும் நேரம் நினைவு தப்பிய பிறகும் இந்தச் சங்கீதத்தின் முதல் வரியை உதடு அசைத்துச் சொன்னார். அந்த வரியை மாற்றிய புத்தகத்தை நான் வாங்க மாட்டேன்.

சவேரியார் தெரு:
தாத்தா, ஒரு கத்தோலிக்கனாகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் மறைக்கல்வியில் ‘தாழ்ச்சி’ ஒரு புண்ணியம். அகந்தைக்கு எதிர்ச்சொல் அது. மாதாவின் தாழ்ச்சி, யோசேப்பின் தாழ்ச்சி என்று கேட்டு வளர்ந்தவன் நான். சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை) நண்பன் வீட்டு அடக்க ஆராதனையில் முதன்முதலில் ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்று கேட்டபோது, ‘நான் பணிவாக மாட்டேன்’ என்று ஒருவன் கடவுள் முன்னால் சொல்வதுபோல் காதில் விழுந்து திடுக்கிட்டேன். ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே சங்கீதம். இரண்டு தெருவுக்கு இரண்டு பொருள்.

பாளை தாத்தா:
தம்பி, நியாயமாகத்தான் சொல்கிறாய், கோபம் எதற்கு? ஆனால் உங்கள் பக்கத்தையும் பார். ‘ஆண்டவரே என் ஆயர்’ என்கிறீர்கள். உங்கள் சபையில் ஆயர் என்றால் யார்? பிஷப். எங்களுக்கும் பேராயர் என்றால் பிஷப்தான். ஆடு மேய்க்கிறவரைச் சொல்ல வந்த வரி, அங்கி போட்டு செங்கோல் பிடித்தவரைக் காட்டுகிறது. மேய்ப்பர் என்றால் கம்பும் தோளில் துண்டுமாக வெயிலில் நிற்கிற ஆள் கண்ணுக்கு முன் வருகிறார். ஒரு சொல்லைத் தெளிவாக்கப் போய் அடுத்த சொல்லை மங்கலாக்கிவிட்டீர்களே.

சவேரியார் தெரு:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயர் குலம், ஆயர்பாடி என்று இலக்கியம் படித்தவர்களுக்கு ஆடு மாடு மேய்ப்பவர் நினைவுக்கு வருவார். கோவிலுக்கு வருகிற எல்லாருக்கும் வருவார் என்று சொல்ல முடியாது.

எபிரேய மாணவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் ஐயா. இறையியல் கல்லூரியில் எபிரேயம் படிக்கிறேன். மூலத்தில் அந்தப் பாதி வரி இரண்டே சொல்: ‘லோ எஹ்சார்’. லோ என்றால் இல்லை. எஹ்சார் என்பது ‘குறைவுபடு, இல்லாமல் போ’ என்கிற வினை, தன்மை ஒருமையில். நீங்கள் காட்டிய அதே 34:10ஐ முழுதாகப் படித்துப் பாருங்கள்: ‘சிங்கக்குட்டிகள் தாழ்ச்சியடைந்து பட்டினியாயிருக்கும், கர்த்தரைத் தேடுகிறவர்களுக்கோ ஒரு நன்மையுங் குறைவுபடாது.’ சிங்கக்குட்டிகளுக்கு வருகிற வினை வேறு, ஏழையாவதைச் சொல்வது. 23:1இல் இருக்கிற வினை இந்த வசனத்தின் பின்பாதியில் ‘லோ யஹ்செரு’ என்று வருகிறது. அதைப் பழைய மொழிபெயர்ப்பாளர்களே ‘குறைவுபடாது’ என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள்! ஆக, தெளிவான சொல்லை வெளியில் தேட வேண்டியதில்லை. அதே புத்தகத்தில், பதினோரு சங்கீதம் தள்ளி இருக்கிறது.

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் வந்ததும் இல்லை. 1611இன் ஆங்கில வேதாகமத்தில் இதே இடத்தில் ‘ஐ ஷேல் நாட் வான்ட்’ என்று இருக்கிறது. அன்றைக்கு ‘வான்ட்’ என்றால் இல்லாமல் தவிப்பது. இன்றைக்கு ஆசைப்படுவது. ‘கர்த்தர் என் மேய்ப்பர், எனக்கு அவர் வேண்டாம்’ என்று புரிந்துகொள்கிற ஆங்கிலப் பிள்ளைகள் உண்டு. சில புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் அதை மாற்றின. வேறு சில, மக்கள் மனதில் பதிந்த வரி என்று அப்படியே விட்டன. இன்றுவரை முடியாத வழக்கு அது.

சண்டே ஸ்கூல் டீச்சர்:
தம்பி, 34:10 எத்தனை தடவை படித்திருப்பேன், இது கண்ணில் படவே இல்லை. அப்புறம் 5ஆம் வசனத்து ‘அபிஷேகம்பண்ணுகிறீர்’?

எபிரேய மாணவன்:
அங்கேயும் விஷயம் இருக்கிறது அக்கா. ராஜாவையும் ஆசாரியனையும் அபிஷேகம் பண்ணுவதற்கு எபிரேயத்தில் ‘மாஷாஹ்’ என்று தனி வினை உண்டு. மேசியா என்ற சொல் அதிலிருந்து பிறந்ததுதான். 23:5இல் அந்த வினை இல்லை. அங்கே இருப்பது தலையை எண்ணெய் மினுமினுக்கச் செய்வது, விருந்துக்கு வந்தவரைச் சிறப்பிப்பது. பொது மொழிபெயர்ப்பில் ‘நறுமணத் தைலம்’ என்று போட்டது அந்த வகையில் நெருக்கம்.

பாளை தாத்தா:
நீ நன்றாகப் படிக்கிறாய், சந்தோஷம். ஆனால் மொழி அறிவு மட்டும் போதும் என்றால் 1850இலேயே இந்த வழக்கு முடிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் மிஷனரி பெர்சிவல் ஐயர் வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது கூட இருந்து உதவியவர் ஆறுமுக நாவலர். தமிழில் அவரைவிடப் புலமை யாருக்கு? அந்த மொழிபெயர்ப்பு அச்சேறியும் சபைகளில் நிலைக்கவில்லை. ‘எனக்கேதும் குறையில்லை’ என்பதிலும் எனக்கு வருத்தம் உண்டு. ‘எப்படி இருக்கீங்க?’, ‘ஒரு குறையும் இல்லை’ என்று வாசலில் நின்று பேசுகிற பேச்சுபோல் இருக்கிறது. இன்றைக்குக் குறையில்லை, நாளைக்கு? ‘அடையேன்’ என்பதில் இனி வரப்போகும் நாளுக்கும் சேர்த்து ஒரு உறுதி இருக்கிறது.

எபிரேய மாணவன்:
அது சரியான கேள்வி ஐயா. எபிரேய வினை இனிமேலும் என்பதையும் உள்ளடக்கியது. ‘குறையில்லை’யில் அது கொஞ்சம் நழுவுகிறது. ஆனால் சபை ஏற்பது, ஏற்காதது காலத்தோடு மாறியும் இருக்கிறது. 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் கடவுளுக்குச் ‘சர்வேசுரன்’ என்று எழுதினார். அப்புறம் மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். பவர் குழு ‘தேவன்’ என்றது. ஒவ்வொரு தடவையும் ஒரு தாத்தா ‘நான் வாங்க மாட்டேன்’ என்று சொல்லியிருப்பார். பப்ரிசியுஸை விட்டு வர லுத்தரன் சபைகள் நெடுநாள் தயங்கின. இன்று நீங்கள் காக்கிற ‘தேவன்’ அன்றைக்குப் புதுச்சொல்.

மலைப்பாதை:
மலைவாழ் மக்கள் பேச்சு ஒன்றில் மொழிபெயர்க்கும் குழுவில் உதவியாளனாக இருக்கிறேன். எங்கள் பழக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு வரி முடிந்ததும், அதை முன்பின் கேட்டிராத ஒருவருக்குப் படித்துக்காட்டி, ‘என்ன கேட்டீங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்போம். அவர் தப்பாகச் சொன்னால் தப்பு வரியில், அவரிடம் இல்லை. பொருளை முன்பே கேட்டுத் தெரிந்தவரிடம் இந்தச் சோதனை செல்லாது. டீச்சரக்கா தெரியாமலேயே அந்தச் சோதனையைச் செய்துவிட்டார்கள். பதினான்கு பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை என்றால், எங்கள் குழுவில் அந்த வரி அன்றைக்கே திரும்பி வந்துவிடும்.

சண்டே ஸ்கூல் டீச்சர்:
நேற்று ஞாயிறு. எபிரேயத் தம்பி காட்டிய சொல்லை எடுத்து, கரும்பலகையில் பழைய வரிக்குக் கீழே எழுதினேன்: ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; எனக்கு ஒன்றும் குறைவுபடாது.’ மேய்ப்பரை மாற்றவில்லை தாத்தா, பழைய வரியை அழிக்கவும் இல்லை. சும்மா படிக்கச் சொன்னேன், விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. கடைசி பெஞ்சில் எப்போதும் பேசாமல் இருக்கும் ஒரு பிள்ளை கை தூக்கினாள். ‘டீச்சர், அப்போ எங்க வீட்டுல போன வாரம் அரிசி இல்லையே, அது ஏன்?’ என்று கேட்டாள். ஒரு வருஷமாக அந்தச் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கேள்வி இதுவரை வரவில்லை. சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் பேசுவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மலைப்பாதை:
வரி போய்ச் சேர்ந்துவிட்டது அக்கா.

பாளை தாத்தா:
டீச்சரம்மா, மொழிபெயர்ப்பை அப்புறம் பேசிக்கொள்வோம். அந்தப் பிள்ளை வீட்டில் இன்றைக்கு அரிசி இருக்கிறதா? இங்கே வேண்டாம், இன்பாக்ஸில் சொல்லுங்கள்.