மூன்றடிக் கடல்நீர்த் தொட்டியில் எந்தெந்த மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம்?

நெய்தல் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நன்னீர்த் தொட்டியில் ஏஞ்சல், டெட்ரா போன்றவற்றைப் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் நான், இப்போதுதான் முதன்முறையாகக் கடல்நீர்த் தொட்டி அமைத்திருக்கிறேன். நீளம் மூன்றடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. பாறையும் மணலும் போக ஏறத்தாழ 150 லிட்டர் நீர் நிற்கிறது. உப்பளவு (ஒப்படர்த்தி) 1.025. மீன்களுக்கு நச்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டன, நைட்ரேட் மட்டும் சிறிதளவு தெரிகிறது. சென்னை கொளத்தூரில் ஒரு மீன் கடையில் விசாரித்தபோது, ஒரு ஜோடி நீமோ (க்ளவுன் மீன்), ஒரு டோரி, மூன்று டாம்சல், ஒரு மாண்டரின், ஒரு சிறிய லயன் ஆகியவற்றை ஒரே நாளில் விட்டுவிடலாம் என்றார்கள். இது சரியான சேர்க்கைதானா?

பவளத்திட்டு:

அந்தப் பட்டியலில் நீமோ ஜோடியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். லயன் மீன் தன் வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கிவிடும். இப்போது சிறியதாகத் தெரிந்தாலும், ஓராண்டுக்குள் உங்கள் நீமோக்களையே இரையாகப் பார்க்கத் தொடங்கும். அதன் முதுகு முட்களில் நஞ்சு இருப்பதால் தொட்டிக்குள் கையை விடும்போதும் கவனம் தேவைப்படும். டோரி எனப்படும் நீல டாங், முழு வளர்ச்சியில் ஓரடி வரை நீளக்கூடியது, நாள் முழுவதும் நீந்திக்கொண்டே இருப்பது. மூன்றடித் தொட்டியில் அதற்கு நெருக்கடி ஏற்படும், நெருக்கடி ஏற்பட்டால் வெண்புள்ளி நோய் முதலில் அதைத்தான் பிடிக்கும். மாண்டரின் எவரோடும் சண்டைக்குப் போகாத மீன்தான், ஆனால் பாறை இடுக்குகளில் வாழும் கோப்பிபாட் என்னும் மிகச்சிறு உயிரினங்களைக் காலை முதல் மாலை வரை கொத்தித் தின்றே உயிர் வாழ்வது. புதிய தொட்டியில் அவை சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும். பெரும்பாலான மாண்டரின்கள் கடையில் விற்கும் உணவைத் தொடுவதுகூட இல்லை.

டாம்சல் விலை மலிவு, எளிதில் சாகாது என்பதால்தான் கடைகளில் முதலில் கையில் கொடுக்கிறார்கள். அதிலும் முப்பட்டை டாம்சல், டாமினோ ஆகிய இரண்டும் வளர வளரப் பாறை முழுவதையும் தமதாக்கிக்கொண்டு, பிறகு விடும் ஒவ்வொரு மீனையும் விரட்டும். அவற்றைத் திரும்பப் பிடிக்க வேண்டுமானால் பாறைகள் அனைத்தையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

அலைவாய்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். எந்த மீனை எந்த வரிசையில் விடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். கடல்நீர்த் தொட்டியில் மீன்களின் இணக்கம் அவற்றின் குணத்தை மட்டும் பொறுத்ததன்று, யார் முதலில் குடியேறினார் என்பதையும் பொறுத்தது. ஆகவே கூச்ச சுபாவமுள்ள மீன்களை முதலில் விட்டு, இடம் பிடிக்கும் குணமுள்ளவற்றைக் கடைசியில் விட வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால், முதலில் ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீனும் அதனுடன் ஒரு பிஸ்டல் இறாலும் விடலாம். இறாலுக்குப் பார்வை மிகக் குறைவு. வளை தோண்டி மணலை வெளியே தள்ளும் வேளையில் அதன் உணர்கொம்பு ஒன்று எப்போதும் கோபியின் உடலைத் தொட்டபடியே இருக்கும், ஆபத்து வந்தால் கோபி வாலை ஒரு முறை அசைக்கும், உடனே இரண்டும் வளைக்குள் மறைந்துவிடும். இந்த இணையை வளர்ப்பதாக இருந்தால் பாறைகளை மணல்மேல் அடுக்காமல் அடிக்கண்ணாடியின்மேல் அடுக்கியிருக்க வேண்டும், இல்லையேல் தோண்டலில் பாறை சரியும். அடுத்ததாக ஒரு ஃபயர்ஃபிஷ். அது மிரண்டால் துள்ளி வெளியே விழும், ஆகையால் வலை மூடி கட்டாயம். நீமோ ஜோடி கடைசியில் வரட்டும். ஒவ்வொரு மீனுக்கும் இடையில் இரண்டு மூன்று வாரங்களாவது இடைவெளி விட்டால்தான் பாக்டீரியாக்கள் கூடுதல் கழிவைச் சமாளிக்கும்.

நெய்தல்:

இருவருக்கும் நன்றி. பாறைகளை மணல்மேல்தான் அடுக்கியிருக்கிறேன். மீன் எதுவும் விடவில்லை என்பதால் மாற்றிவிடுகிறேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. நீமோ ஜோடியில் ஆண், பெண்ணை எப்படிப் பார்த்து வாங்குவது? அவை குடியிருக்கும் அனிமோன் (கடல் சாமந்தி) கட்டாயம் வேண்டுமா?

பவளத்திட்டு:

ஆண், பெண் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. க்ளவுன் மீன்கள் அனைத்தும் ஆணாகவே முதிர்ச்சி அடைகின்றன, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. ஆகவே ஒன்று சற்றுப் பெரியதும் மற்றது சிறியதுமாக இரண்டு குஞ்சுகளை வாங்கினால் போதும். வளர்ந்த மீன்கள் இரண்டை வாங்கி, இரண்டுமே பெண்ணாக இருந்துவிட்டால், ஒன்று சாகும்வரை சண்டை ஓயாது. மரூன் க்ளவுன் போன்ற வேறு க்ளவுன் இனத்தை இவற்றோடு கலக்கக் கூடாது. அனிமோன் இல்லாமலேயே இவை நன்றாக வாழும். அனிமோனுக்கு வலுவான விளக்கும், பல மாதங்கள் ஓடி நிலைபெற்ற நீரும் வேண்டும் என்பதால் இப்போதைக்கு அதை ஒதுக்கிவைப்பதே நல்லது.

கடலோடி:

மேலும் ஒன்று: பண்ணையில் முட்டையிலிருந்து பொரிக்கவைத்து வளர்த்த நீமோக்களையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் க்ளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது; பண்ணைக் குஞ்சுகள் உலர் உணவுக்குப் பழகியவையாகவும் தொட்டிச் சூழலைத் தாங்குபவையாகவும் இருக்கும். கடல்குதிரையையோ, மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளத்தையோ யாரேனும் கொடுக்க முன்வந்தால் மறுத்துவிடுங்கள், அவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. வாங்கும் மீன் உங்கள் கண்முன் உணவு உண்கிறதா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நான்கு வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். வெண்புள்ளிக்குத் தாமிர மருந்து போட நேர்ந்தாலும் அந்தத் தொட்டியிலேயே போட வேண்டும், முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் பிஸ்டல் இறால் பிழைக்காது.