நம்ம தெரு, தண்டையார்பேட்டை

ஞாயிறு, பகல் 12:18

செல்வி: தேவராஜ் அண்ணா இருக்கீங்களா? வெயில் கொளுத்துது, சோலார் இன்வெர்ட்டர் பெட்டியில சிவப்பு லைட். போன ஞாயிறும் இதே நேரம்தான் நின்னுச்சு. கடன் வாங்கிப் போட்டதுண்ணா, வயிறு எரியுது

தேவராஜ்: பதறாதம்மா. வோல்ட் எவ்ளோ காட்டுது?

செல்வி: 261

தேவராஜ்: அதான். 230 பக்கம் இருக்கணும். பெட்டில கோளாறு இல்ல, வோல்டேஜ் ஏறினா அதுவே லைன்ல இருந்து கழட்டிக்கும்

பாபு: 261ஆ? எங்க வீட்ல சாயங்காலம் 200 தாண்டல, மிக்ஸி சுத்த மாட்டேங்குது. ஒரே டிரான்ஸ்பார்மர்தானேண்ணா?

தேவராஜ்: விஷயமே அதான் பாபு. லைன் இழுத்தப்ப கரண்ட் டிரான்ஸ்பார்மர்ல இருந்து வீட்டுக்குப் போறது மட்டும்தான் கணக்கு. தெருக்கோடிக்கு வர்றதுக்குள்ள இறங்கிடும்னு அங்கயே கொஞ்சம் ஏத்தி வெச்சிருப்பாங்க. இப்ப அதே தெருக்கோடில 3 வீட்டு மாடில சோலார். ஞாயித்துக்கிழமை லேத் பட்டறை மூடிட்டா எடுத்துக்க ஆளில்ல. திருப்பித் தள்ளணும்னா தள்ளுற இடத்துல வோல்டேஜ் ஏறியே ஆகணும். தெருவுக்கு வர்ற 3 கரண்ட் கம்பில, அதான் பேஸ், 3 வீடும் ஒரே பேஸ்னா இன்னும் மோசம்

செல்வி: சோலார் போட்ட பையன் பெட்டி கழட்டிக்கற வோல்ட் லிமிட்டை ஏத்தி விடறேன்றான்ணா

தேவராஜ்: தொடவே விடாதம்மா! உன் பெட்டி ஓடும், பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் போயிடும். 3 வீட்டையும் வேற வேற பேஸ்ல பிரிச்சுப் போடணும், டிரான்ஸ்பார்மர்ல வோல்டேஜை ஏத்தி இறக்கற டேப்பையும் பாக்கணும்

நித்யா: மாமா, கரண்ட் கட்டானா சோலாரும் நிக்குதே, அதுவும் இதனாலயா?

தேவராஜ்: இல்ல கண்ணு, அது கம்பத்து மேல இருக்கறவனுக்காக. லைன் ஆஃப்னு நம்பித்தான் லைன்மேன் நாங்க ஏறுவோம். ஒரு கடை ஜெனரேட்டர்ல இருந்து லைனுக்கு ரிட்டர்ன் கரண்ட் வந்து என்கூட வேலை பாத்தவருக்கு வலது கை போச்சு. நான்தான் கீழ ஏணியைப் பிடிச்சிட்டிருந்தேன். தானா நிக்கற பெட்டிதான் நல்ல பெட்டி

பாபு: இவ்ளோ சோலார் வந்தும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துல கரி எரியுதேண்ணா

தேவராஜ்: 7 மணிக்கு வெயில் இல்ல, எல்லா வீட்லயும் ஏசி. பாய்லரை மத்தியானம் அணைச்சுட்டு சாயங்காலம் சட்டுனு கொளுத்த முடியாதுப்பா, குறைச்சு ஓட்டிட்டே இருக்கணும். தர்றதும் எடுக்கறதும் ஒத்துப் போகலன்னா கரண்ட்டோட துடிப்பு, அதான் 50 ஹெர்ட்ஸ், ஆடும். 2012 ஜூலைல வடக்க அடுத்தடுத்து 2 நாள் கிரிட், அதான் மாநிலங்களை இணைக்கிற கரண்ட் வலை, விழுந்தப்ப தெக்கு தனியா இருந்ததால தப்பிச்சோம். 2013 கடைசில இருந்து நாடு முழுக்க ஒரே கிரிட்

பகல் 12:51

செல்வி: மோட்டார், வாஷிங் மெஷின் ரெண்டும் போட்டேன்ணா. மாடி வீட்லயும் கிரைண்டர் போடச் சொன்னேன். 251. பச்சை லைட் வந்துடுச்சு!

தேவராஜ்: நல்லதும்மா. மத்த 2 வீடும் தண்ணி மோட்டாரை இனிமே பகல் 12 மணிக்கே போடுங்க. 3 பேரும் சர்வீஸ் நம்பர் அனுப்புங்க, மனு நான் எழுதறேன். நாளைக்கு 10 மணிக்கு கரண்ட் ஆபீசுக்கு எல்லாரும் சேந்தே போவோம்