மண்டபம் முகாம் பசங்களுக்கு ஒரு வழி சொல்லுங்க

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். நான் மண்டபம் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்தவன், வயது 24. அம்மா 12 வயதில், 1990-ல், இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கியவர். நான் அந்தக் கரையைப் பார்த்ததே இல்லை.

பி.காம். முடித்துவிட்டு பெயிண்ட் வேலைக்குப் போகிறேன். நேர்காணலில் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்வேன், நகக்கண்ணில் வெள்ளைச் சுண்ணாம்பு போகவே போகாது. ஆதார் காட்டுவேன், "பாஸ்போர்ட் இருக்கா?" என்பார்கள். அதோடு முடிந்தது. இந்தியக் குடியுரிமை கிடைக்க, 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இலங்கை இல்லை. 2021-ல் முகாமின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது, அது மனசுக்கு ஆறுதல்தான்.

இலங்கைக் கடற்படை இந்த ஊர் மீனவர் படகைப் பிடித்த அன்று டீக்கடையில், "உங்க ஊர்க்காரன்தானே பிடிச்சான்" என்றார் ஒரு அண்ணன். அவர் மச்சான் அந்தப் படகில் இருந்தார். அவர் வலி எனக்குப் புரியுது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் பசங்க ஊர்ப் பசங்களோடு வாலிபால் ஆடப் போவதில்லை. சாயங்காலம் பாலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு அதுதான் பயம்.

அகதி அடையாள அட்டையை ஏற்று வேலை தரும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். ஞாயிறுகளில் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தர ஒருவர் வேண்டும். மீனவர் சங்கத்தில் யாரையாவது தெரிந்தால், மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு தரப்புப் பசங்களும் கலந்து ஒரே அணியாக ஆட அவரிடம் பேசிப் பாருங்கள். பந்தும் வலையும் நாங்கள் கொண்டு வருகிறோம்.