அப்பாவின் பழைய லென்ஸா, புதிய 50ஆ?

வெள்ளவத்தை வாசி:
அப்பாவின் அலுமாரியில் ஒரு சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப்1.4 கிடைத்தது. திருகி மாட்டும் எம்42 வகை. என்னிடம் இருக்கும் கமரா சொனி ஏ7 III. இடையில் பொருத்தும் அடப்டர் வாங்கி இதையே பாவிக்கலாமா, காசு சேர்த்து ஓட்டோஃபோகஸ் உள்ள புதிய 50 மி.மீ. லென்ஸ் வாங்குவதா? கண்ணாடியும் மஞ்சளாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனைக் கமரா:
தாராளமாக மாட்டுங்கள் தம்பி. பழைய எஸ்எல்ஆர் கமராவுக்குள் ஆடி எழும்ப இடம் வேண்டும். அதனால் எம்42 லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 45.46 மி.மீ. விட்டார்கள். சொனியில் அந்த இடைவெளி 18 மி.மீ.தான். மிச்சம் 27 மி.மீ. சொச்சத்தை அடப்டர் நிரப்புகிறது. அது வெறும் குழாய், உள்ளே கண்ணாடி கிடையாது. அதனால் படத்தின் கூர்மை கெடாது.

மஞ்சள் நிறத்துக்குக் காரணம் கண்ணாடியில் கலந்த தோரியம். யூவி எல்ஈடி விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் பெரும்பாலும் தெளியும். வெயிலில் வைப்பதென்றால் பக்கத்திலேயே இருங்கள், லென்ஸ் ஒளியைக் குவித்துத் தீ மூட்டிவிடும்.

இன்னும் இரண்டு வேலை. கமராவுக்கு இந்த லென்ஸ் தெரியாது, அதனால் மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி கொடுங்கள். லென்ஸின் சுவிட்சை எம் (மெனுவல்) பக்கம் தள்ளுங்கள், இல்லாவிட்டால் சில அடப்டர்களில் ஒளி புகும் துளை சுருங்காது.

தாலிகட்டு நேரம்:
நான் மறுக்கிறேன். கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன். ஒருமுறை பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் பழைய லென்ஸ் ஒன்றை எஃப்1.4இல், அதாவது துளையை முழுக்கத் திறந்து வைத்து எடுத்தேன். கெட்டிமேளம் கொட்ட எல்லோரும் எழும்பிவிட்டார்கள். மாப்பிள்ளையின் கை அசைகிறது, நான் ஃபோகஸ் வளையத்தைத் திருகுகிறேன். கூர்மையான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங், மாப்பிள்ளையின் கண் முழுக்கச் சிவப்பாக மின்னியது. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் கூர்மை காதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்த மாப்பிள்ளையின் தாயின் முகத்தை இன்னும் மறக்கவில்லை. தாலியை இரண்டாம் முறை கட்டச் சொல்ல முடியுமா?

பீக்கிங்கை நம்பவே கூடாது. பெரிதாக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும், அதற்கு நேரம் வேண்டும்.

கொட்டாஞ்சேனைக் கமரா:
கல்யாணத்துக்கு நீங்கள் சொல்வது சரி, அண்ணா. ஆனால் தம்பி கேட்டது அதுவல்லவே. காலிமுகத்திடலில் பட்டம் விடுபவர்களை எடுக்க வேகமான ஃபோகஸ் எதற்கு? துளையை எஃப்8 வரை சுருக்கி, ஃபோகஸ் வளையத்தை 10 மீற்றருக்குக் கொஞ்சம் கூடத் திருப்பிவிடுங்கள். 5 மீற்றரில் இருந்து அடிவானம் வரை போதிய கூர்மை கிடைக்கும். அந்தக் கணக்கு லென்ஸின் மேலேயே பொறித்திருக்கிறது. புதிய லென்ஸ்கள் பலவற்றில் அந்த அளவுகோலே இல்லை.

புறக்கோட்டைப் பழையவர்:
பூஞ்சணத்தை மறந்துவிட்டீர்கள். கொழும்பின் கடற்காற்றில் அலுமாரிக்குள் கிடந்த லென்ஸ் அது. இரண்டு மூடியையும் கழற்றி, துளையை முழுக்கத் திறந்து, பின்னால் இருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் வளர்ந்துவிட்டது. கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. சுத்தமாக இருந்தால் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும்.

தாலிகட்டு நேரம்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். அடப்டர், பெட்டி, தேவைப்பட்டால் சுத்தம் செய்யும் கூலி. இலவச லென்ஸ் எங்கே?

கொட்டாஞ்சேனைக் கமரா:
புதிய லென்ஸுக்கும் இந்த ஊரில் பெட்டி வேண்டும்தானே? பூஞ்சணம் வயது பார்ப்பதில்லை.

வெள்ளவத்தை வாசி:
டோர்ச் அடித்துப் பார்த்தேன், வலை இல்லை. அடப்டரும் வாங்கிவிட்டேன். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் கமரா வசதிக்கு லென்ஸின் அளவு 50 என்று கையால் பதிந்தேன். நேற்று மாலை கடற்கரையில் நின்று தூரத்துக் கப்பலின் விளக்கைக் குறிவைத்தேன். லென்ஸில் உள்ள முடிவிலிக் (∞) குறிக்குச் சற்று முன்பே கூர்மை வந்துவிட்டது. பிழையா?

கொட்டாஞ்சேனைக் கமரா:
பிழையில்லை. தூரக் காட்சி தவறக் கூடாதென்று அடப்டரை ஒரு மயிரிழை குட்டையாகவே செய்வார்கள். குறியை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துத் திருப்புங்கள்.

தாலிகட்டு நேரம்:
நங்கூரமிட்ட கப்பல் அசையாது தம்பி. வீட்டில் ஓடித் திரியும் பிள்ளை ஒன்றை எஃப்1.4இல் பத்துப் படம் எடுத்து, எத்தனையில் கண் கூர்மை என்று எண்ணி இங்கே போடுங்கள். புதிய 50ஐப் பற்றி அதற்குப் பிறகு கதைப்போம்.