பத்து வருட டெஸ்க்டாப்: எஸ்எஸ்டி போடுவதா, மாற்றிவிடுவதா?

கோலப்புள்ளி:
மதுரையில் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறேன். மெஷின் 2015இல் அசெம்பிள் செய்தது: ஐ5-4460 பிராசசர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம் இரண்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. போட்டோஷாப் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். 10-க்கு 8 அடி பேனரில் எழுத்துக்கு நிழல் வைத்தால் மவுஸே நின்றுவிடுகிறது. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர், "கிராஃபிக்ஸ் கார்டு போடுங்க, பறக்கும்" என்கிறார். போடலாமா?

பழையஇரும்பு:
கார்டு இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கழுத்தைப் பிடிப்பது ஹார்ட் டிஸ்க். ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற வேகமான டிஸ்க், ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற அதே சாட்டா போர்ட்டில் மாட்டுவது), 8 ஜிபி ரேம் இரண்டு, அவ்வளவுதான். அந்த போர்டில் ரேம் ஸ்லாட் இரண்டுதான், 16 ஜிபிக்கு மேல் ஏறாது. அதனால் பழைய 4 ஜிபி இரண்டையும் கழற்றியாக வேண்டும். இன்னொன்று: எச்81இல் சாட்டா போர்ட் எல்லாம் ஒரே வேகம் இல்லை. நொடிக்கு 6 ஜிகாபிட் போர்ட் இரண்டு, 3 ஜிகாபிட் போர்ட் இரண்டு. மெக்கானிக் அவசரத்தில் மெதுவானதில் செருகிவிட்டுப் போய்விடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள்.

புதுப்பலகை:
அண்ணே, செத்த போர்டுக்கு எதுக்கு செலவு? விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் பிராசசரில் பொதுவாகக் குறைந்தது 8ஆம் தலைமுறை வேண்டும், இவர்களுடையது 4ஆம் தலைமுறை. இந்த போர்டுக்கு இப்போது வாங்கும் பழைய வகை டிடிஆர்3 ரேமை நாளைக்குப் புது போர்டில் செருகவும் முடியாது. கஸ்டமர் கொண்டுவருகிற பென் டிரைவை எல்லாம் செருகுகிற மெஷின் இது, பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது?

பழையஇரும்பு:
மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். எஸ்எஸ்டியை நாளைக்குப் புது மெஷினில் அப்படியே மாட்டிக்கொள்ளலாம். வீணாவது ரேம் காசு மட்டும், அதுவும் பழைய டிடிஆர்3, செகண்ட் ஹேண்டில் மலிவாகவே கிடைக்கும். புது ரேம் விலை ஏஐ டேட்டா சென்டர்களால் 2025 கடைசியிலிருந்து ஏறிக்கிடப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த 25,000இல் பிராசசர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாம் நல்லதாக வருமா? டிஸ்க்கை க்ளோன் செய்தால், அதாவது அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தால், பழைய கோரல் டிரா, பாமினி எழுத்துரு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். புதிதாக விண்டோஸ் போட்டு எழுத்துரு தேடி அலைந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

நாலுவர்ணம்:
இரண்டு பேரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த பேனரை எந்த ரெசல்யூஷனில், அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சலில், வைக்கிறீர்கள்?

கோலப்புள்ளி:
300. பத்திரிகைக்கு அதுதானே, அதையே வைத்துப் பழகிவிட்டது. சேமிக்கும்போது போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஃபைல் ஆகாது, பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பியில் போடு என்று கேட்கும்.

நாலுவர்ணம்:
அங்கேதான் சிக்கல். 10 அடி என்றால் 120 அங்குலம். 300இல் 36,000 பிக்சல் அகலம், பிஎஸ்டியின் எல்லை 30,000. அதனால்தான் கேட்கிறது. அச்சுக்கான நாலு மை முறையான சிஎம்ஒய்கேவில் முழுசாக நிறைந்த ஒரு லேயருக்கே (படத்தின் ஒரு அடுக்குக்கே) ஏறக்குறைய 4 ஜிபி. இதையே 72இல் வைத்தால் 8,640-க்கு 6,912 பிக்சல், லேயருக்கு 240 எம்பி. ரோட்டில் பத்தடி தள்ளி நின்று பார்க்கிற பேனருக்கு இது போதும், நான் வருஷக்கணக்கில் இப்படித்தான் கொடுக்கிறேன். கிட்ட நின்று படிக்கிற ஸ்டாண்டி (நிற்க வைக்கிற போர்டு) என்றால் 150 வையுங்கள். போட்டோஷாப் ஜன்னலின் கீழே இடது மூலையில் அம்புக்குறியை அழுத்தி எஃபிஷியன்சி வைத்துப் பாருங்கள். 100 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ரேம் போதாமல் டிஸ்க்கில் எழுதுகிறது என்று அர்த்தம்.

புதுப்பலகை:
சரி, 72இல் பேனர் ஓடும். அடுத்த மாதம் முப்பது லேயர் ஆல்பம் வேலை வந்தால்? பிராசசரில் நான்கு கோர், அதற்கு மேல் அந்த போர்டின் சாக்கெட்டில் போக வழி இல்லை. ஐ7-4790 போட்டாலும் நான்குதான்.

பழையஇரும்பு:
ஆல்பம் வரும்போது ஆல்பக் காசும் வரும் தம்பி.

கோலப்புள்ளி:
பார்த்தேன். 300இல் அந்த பேனர் திறந்ததும் எஃபிஷியன்சி 38. 72இல் புதிதாகச் செய்த பேனரில் 100, நிழல் உடனே விழுகிறது. இத்தனை நாள் மெஷினைத் திட்டியது அநியாயம்! ஆனால் போட்டோஷாப் திறக்க இன்னும் டீ நேரம்தான். எஸ்எஸ்டி மட்டும் வாங்குகிறேன். ரேம் பத்திரிகை வேலையில் எஃபிஷியன்சி இறங்கினால் பார்த்துக்கொள்ளலாம்.

நாலுவர்ணம்:
மிச்சக் காசில் ஐபிஎஸ் மானிட்டர் வாங்குங்கள், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கலர் அவ்வளவாக மாறாத வகை அது. பழைய டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே குங்குமச் சிவப்பு வேறு மாதிரித் தெரியும். அச்சாகி வந்தபிறகு கஸ்டமர் சண்டைக்கு வருவது வேகத்துக்காக இல்லை, கலருக்காக.

புதுப்பலகை:
மானிட்டருக்கு என் ஓட்டும் உண்டு. புது மெஷினிலும் மாட்டலாம். அந்த டிடிஆர்3 மட்டும் வாங்காதீர்கள், சொல்லிவிட்டேன்.